சுங்கை சிப்புட்டில் பிள்ளைகளோடு வாசிக்கப் போகிறவர்களுக்கு

ஒரு மணி நேரத்தில் ஒரு பிள்ளை தன் வாயால் எத்தனை நிமிடம் வாசிக்கிறது? மலேசியாவின் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு உதவ வெளிநாட்டிலிருந்து போகிற எவரும் முதலில் வைத்துக்கொள்ள வேண்டிய கணக்கு இதுதான். இருபது பேரை உட்கார வைத்துப் பாட்டு, கதை, படம் வரைதல், குழுப் படம் என்று ஒரு மணி நேரத்தை ஓட்டிவிடலாம். பிள்ளைகளும் மகிழ்ச்சியாகத்தான் இருப்பார்கள். ஆனால் தலைக்கு ஒரு நிமிட வாசிப்புகூடத் தேறாது. ஒரு நாளைக்குப் பிள்ளைக்கு 15 நிமிடம், வாரத்துக்கு நான்கு நாள். இந்த அளவுக்குக் கீழே போனால் ஒரு மாதத்தில் மாற்றம் எதையும் பார்க்க முடியாது. கீழே சொல்வதெல்லாம் அந்த 15 நிமிடத்தைக் காப்பாற்றுவதற்கான வழிகள்தான்.

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். ஈப்போவுக்கு வடக்கே உள்ள இந்த ஊருக்கு ரயிலிலும் வரலாம். பால்மரமும் செம்பனையும் சூழ்ந்த தோட்டப் பட்டணம் இது. தொழிலாளர்கள் பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்குவதற்காக 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்த மலேசிய இந்தியர் தலைவர் துன் சம்பந்தனின் ஊரும் இதுதான். கூலிம், பாகான் செராய், தெலுக் இந்தான் பக்கம் போகிறவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

கிளம்புவதற்கு முன்

மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவை தேசியப் பாடத்திட்டத்தில் நடப்பவை. முதல் ஆண்டிலிருந்து ஆறாம் ஆண்டு வரை எல்லாவற்றுக்கும் கல்வி அமைச்சின் விதி உண்டு. ஆகவே தலைமையாசிரியர் போனில் "வாங்க வாங்க" என்று சொல்லிவிட்டார் என்பதற்காக விமான டிக்கெட் எடுக்காதீர்கள். பள்ளி நேரத்தில் வெளிநாட்டவர் வகுப்புக்குள் உட்காருவது அவர் ஒருவர் தலையாட்டினால் முடிகிற காரியமில்லை. மாவட்டக் கல்வி அலுவலகத்தின் வாய்ச்சொல்லும் போதாது, எழுத்தில் ஒப்புதல் வேண்டும். இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். அதைவிட எளிய வழி பள்ளிக்கு வெளியே, பள்ளி முடிந்த பிறகு, உள்ளூர்ச் சங்கமோ கோயில் நிர்வாகமோ நடத்தும் வாசிப்பு வகுப்பில் சேர்ந்துகொள்வது. அப்போதும் தலைமையாசிரியருக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கும் சொல்லிவிட வேண்டும். எந்தப் பிள்ளைக்கு உதவி தேவை என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

அடுத்தது குடிநுழைவு. இந்தியக் குடிமக்கள் 2023 டிசம்பர் முதல் விசா இல்லாமல் 30 நாள் தங்கலாம். இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அது சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கான அனுமதி. 'சம்பளம் வாங்கவில்லை, அதனால் வேறு அனுமதி வேண்டாம்' என்று நீங்களாக முடிவு செய்துகொள்ளாதீர்கள். உங்களை அழைக்கும் அமைப்பே குடிநுழைவுத் துறையிடம் கேட்டு, இந்த வேலைக்கு எந்த அனுமதி என்பதை எழுத்தில் வாங்கி அனுப்பட்டும். அதைச் செய்யத் தயங்குகிற அமைப்பு மற்ற பொறுப்புகளிலும் அப்படித்தான் இருக்கும். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் மின்னியல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். கடவுச்சீட்டில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்கட்டும்.

பள்ளி ஆண்டு 2026 முதல் பழையபடி ஜனவரியில் தொடங்குகிறது. தைப்பூச வாரத்தையும் தீபாவளி வாரத்தையும் ஆண்டிறுதி விடுமுறையையும் கழித்துவிட்டு நாள் பாருங்கள். பேராக்கில் சனி, ஞாயிறு விடுமுறை. கூலிம் இருக்கும் கெடாவில் வெள்ளி, சனி விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை பள்ளி உண்டு. இதைக் கவனிக்காமல் ஞாயிறு காலைக்கு வகுப்பு வைத்தால் ஒரு பிள்ளையும் வராது.

நான்கு வாரத்துக்குக் குறைவாகத்தான் தங்க முடியும் என்றால் புதிதாக வகுப்புத் தொடங்க வேண்டாம். அந்த நாட்களில் உள்ளூர் இளையோருக்குப் பயிற்சி கொடுக்கலாம், வாசிப்புப் புத்தகங்கள் செய்து கொடுக்கலாம். இரண்டு வாரம் பழகிவிட்டுக் காணாமல் போகிற அக்கா அண்ணன்களை இந்தப் பிள்ளைகள் ஏற்கனவே நிறையப் பார்த்துவிட்டார்கள்.

இடமும் நேரமும்

தோட்டம் என்றதும் லயத்து வீடுகளும் வாசலில் விளையாடும் பிள்ளைகளும் மனதில் வந்தால் அந்தப் படத்தை அழித்துவிடுங்கள். பல குடும்பங்கள் பட்டணத்தை ஒட்டிய தாமான்களுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிகளுக்கு, குடிபோய்விட்டன. இன்று தோட்ட வேலையில் இருப்பவர்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் ஏராளம். பள்ளியின் பெயரில் தோட்டம் இருக்கும், பிள்ளைகளோ பத்துப் பதினைந்து கிலோமீட்டரிலிருந்து வேனில் வருவார்கள். அந்த வேன் எத்தனை மணிக்குக் கிளம்பும் என்பதுதான் உங்கள் வகுப்பு நேரத்தை முடிவு செய்யும். பள்ளி மதியம் ஒரு மணி வாக்கில் விடும். உடனே பிடித்து உட்கார வைத்தால் பசி. வீட்டுக்குப் போனால் திரும்பி வர வண்டி இல்லை. ஒத்துவருகிற ஏற்பாடு என்றால், பிள்ளைகள் குடியிருக்கும் இடத்துக்கு நீங்கள் போவதுதான். தாமான் பொது மண்டபம், கோயில் மண்டபம், தோட்டத்தில் முன்பு குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக் கொட்டகை எதுவானாலும் சரி. நேரம் 3.30 முதல் 4.30 வரை. விடியலில் பிரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்பு) போன பெற்றோர் அந்த நேரத்தில் வீட்டில் இருப்பார்கள், பிள்ளையை அனுப்ப ஆள் இருக்கும். ஆளுக்கு ஒரு குவளை மைலோவும் இரண்டு பிஸ்கட்டும் வாசிப்புக்கு முன்பே கொடுத்துவிடுங்கள், முடிந்த பிறகு பரிசாக அல்ல.

மண்டபத்தின் கூரையை அண்ணாந்து பாருங்கள். தகரமாக இருந்தால், மழை பிடித்ததும் பக்கத்தில் இருப்பவர் குரல்கூடக் கேட்காது. பிற்பகல் மழை இங்கே சாதாரணம். அதற்கென்று எழுத்து அட்டை அடுக்குவது, படத்துக்குப் பொருந்தும் சொல்லைத் தேடி ஒட்டுவது போன்ற சத்தமில்லாத 20 நிமிட வேலையை ஒரு பையில் தனியாக வைத்திருங்கள். வெள்ளிக்கிழமை கோயில் மண்டபம் கிடைக்காது, கேட்கவும் வேண்டாம். கொசு விரட்டி அவசியம். டெங்கி உள்ள ஊர்.

முதல் வாரம் சோதிக்க மட்டும்

எந்த ஆண்டில் படிக்கிறான் என்பதை வைத்துப் பிள்ளையைப் பிரிக்காதீர்கள். நான்காம் ஆண்டுப் பையன் எழுத்துக்கூட்டிக்கொண்டிருப்பான், இரண்டாம் ஆண்டுப் பெண் சரளமாக ஓடிக்கொண்டிருப்பாள். இந்தியாவில் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 2005 முதல் பிள்ளைகளின் கற்றல் நிலையைப் பார்க்கும் ஏசர் கணக்கெடுப்பில் பயன்படுத்துகிற எழுத்து, சொல், பத்தி, கதை என்ற படிகள் இதற்கு நன்றாகப் பொருந்தும். ஒரு தாளில் 20 உயிர்மெய் எழுத்துகள், இன்னொன்றில் 15 சொற்கள், மூன்றாவதில் நான்கு வரிப் பத்தி, நான்காவதில் பத்து வரிக் கதை. ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக, ஆனால் மற்றவர்கள் பார்வையில் இருக்கும்படி உட்கார வைத்து, ஏழு நிமிடத்துக்கு மேல் போகாமல் பாருங்கள். திருத்தாதீர்கள், முகத்தைச் சுளிக்காதீர்கள், குறித்துக்கொள்ளுங்கள்.

பத்தியைப் பாடநூலிலிருந்து எடுத்தால் ஏமாந்துவிடுவீர்கள். பல பிள்ளைகள் பாடத்தை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். விரல் ஒரு வரியில் இருக்கும், வாய் அடுத்த வரியில் இருக்கும். சந்தேகம் வந்தால் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு 'இது என்ன?' என்று கேளுங்கள், தெரிந்துவிடும். பத்தி படிப்பவர்களுக்கு ஒரு நிமிடத்தில் எத்தனை சொல் சரியாக வாசிக்கிறார்கள் என்று எண்ணி வையுங்கள். ஆங்கிலத்துக்கு வகுத்த நிமிடத்துக்கு இத்தனை சொல் என்ற அட்டவணையோடு ஒப்பிடாதீர்கள். 'வந்துகொண்டிருந்தார்கள்' தமிழில் ஒரே சொல். அந்தப் பிள்ளையின் போன மாத எண்ணோடு இந்த மாத எண்ணை ஒப்பிட்டால் போதும்.

புத்தகத்தை மூக்குக்கு அருகில் கொண்டுபோகிற பிள்ளை, மூன்று மீட்டர் தள்ளி எழுதிய பெரிய எழுத்தைக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிற பிள்ளை, இந்த இருவரின் பெயரையும் அன்றே பெற்றோரிடம் சொல்லுங்கள். இவர்களுக்கு முதலில் வேண்டியது கண்ணாடியாக இருக்கலாம்.

தமிழ் எங்கே இடறும்

247 எழுத்தையும் வரிசையாக நடத்த உங்களுக்கு நேரமில்லை, தேவையுமில்லை. இடறுகிற இடங்கள் எப்போதும் அதே சிலதான்.

முதலாவது, கொம்பு. 'கொ' என்ற எழுத்தில் கண் முதலில் பார்ப்பது ெ, பிறகு க, பிறகு ா. ஆனால் வாயில் முதலில் வருவது க். கண்ணும் வாயும் எதிரெதிராகப் போகிற இந்த இடத்தில்தான் பிள்ளை 'கெ... கா...' என்று நிற்கிறது. அட்டையை வெட்டி இதைச் சரிசெய்யலாம். க, ம, ப, ந என்ற எழுத்துகளை உள்ளங்கை அகல அட்டைகளில் எழுதுங்கள். ா, ெ, ே, ை ஆகிய குறிகளைப் பாதி அகல அட்டைகளில் வேறு நிறத்தில் எழுதுங்கள். பிள்ளை 'ம' அட்டையை நடுவில் வைத்து, இடப்பக்கம் ெ வைத்ததும் 'மெ' என்று சொல்ல வேண்டும். வலப்பக்கம் ா சேர்த்ததும் அதே மூச்சில் 'மொ'. கையால் வைத்துப் பார்க்கிறபோது, அந்தக் குறிகள் தனி எழுத்தில்லை என்பது பிடிபட்டுவிடும். ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுக்காமல், வலப்பக்கம் மட்டும் வருவது, இடப்பக்கம் மட்டும் வருவது, இரு பக்கமும் வருவது என்று மூன்று நாளாகப் பிரியுங்கள்.

உகரமும் ஊகாரமும் சேர்ந்து 36 வடிவம். அகர வரிசையில் சொல்லிக்கொடுத்தால் தலை சுற்றும். வடிவத்தால் சேர்த்தால் மூன்றே கூட்டம்தான். கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு கூட்டம். சு, பு, யு, வு, ஙு இன்னொன்று. து, நு, று, னு, ணு, லு, ஞு மூன்றாவது. ஙு, ஞு இரண்டையும் மறந்துவிடலாம், எந்தக் கதையிலும் வரப்போவதில்லை.

அடுத்த இடறல் நாமே உண்டாக்கியது. மெய்யெழுத்தை 'இக்', 'இம்' என்று பெயர் சொல்லிப் பழக்கிவிடுகிறோம். 'அம்மா' என்ற சொல்லைப் பிள்ளை 'அ, இம், மா' என்று கூட்டுகிறது. கூட்டினால் வருவது 'அஇம்மா', அப்படி ஒரு சொல் கிடையாது. ம் வந்தால் உதட்டை மூடி 'ம்ம்' என்று இழுக்கச் சொல்லுங்கள், பெயர் வேண்டாம். அதேபோல 'பகல்', 'பங்கு', 'பக்கம்' மூன்றிலும் க மூன்று விதமாக ஒலிக்கிறது. தனித்தனியாக ப, க, ல் என்று வாசித்துவிட்டு விழிக்கிற பிள்ளையிடம் 'சேர்த்து வேகமாகச் சொல், உனக்குத் தெரிந்த சொல்தான்' என்று சொன்னால் பாதி நேரம் அதுவே கண்டுபிடித்துவிடும்.

புத்தகத்தில் 'வந்துவிட்டார்கள்' என்று இருக்க, பிள்ளை 'வந்துட்டாங்க' என்று வாசித்தால் கோபிக்காதீர்கள். பொருள் புரிந்திருக்கிறது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா? 'சரி, எழுத்து எப்படிச் சொல்கிறது பார்' என்று ஒருமுறை திரும்ப வாசிக்க வையுங்கள். ல, ள, ழ உச்சரிப்பை முதல் மாதம் விட்டுவிடுங்கள். வரிக்கு மூன்று முறை 'ழகரம் எங்கே?' என்று கேட்டால் பிள்ளை வாயைத் திறப்பதையே நிறுத்திவிடும்.

தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராக இருந்தவர்களுக்கு மேலே சொன்னதில் பாதி தெரிந்திருக்கும். தெரியாதது இதுதான்: இங்கே பிள்ளை ஏழு வயதிலிருந்து தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும் சேர்த்துப் படிக்கிறது. மலாயும் ஆங்கிலமும் ஒரே எழுத்தில், வேறு ஒலியில். மலாயில் c என்ற எழுத்துக்கு எப்போதும் ச ஒலிதான். அந்தப் பழக்கத்தில் ஆங்கிலப் பூனையை (cat) 'சாட்' என்று வாசிக்கிற பிள்ளைக்கு வாசிப்பு வராமல் இல்லை, விதி மாறியது தெரியவில்லை. ஒரே மேசையில் ஒரே நாளில் இரண்டு மொழியை எடுக்காதீர்கள். பெற்றோர் பலர் மலாயும் ஆங்கிலமும்தான் வேண்டும் என்பார்கள். மலாய் கைவராவிட்டால் இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவத்துக்கு முன் புகுமுக வகுப்பில் ஓர் ஆண்டு போய்விடும் என்ற கவலை நியாயமானது. அதை உள்ளூர் இளையோரிடம் விடுங்கள். உங்களுக்கு நன்றாக வருகிற மொழியை மட்டும் நீங்கள் எடுங்கள்.

அந்த 15 நிமிடம்

ஒருவருக்கு மூன்று பிள்ளைகள், அதற்கு மேல் வேண்டாம். முதல் ஐந்து நிமிடம் எல்லோரும் பழைய புத்தகத்தைத் தமக்குள் முணுமுணுத்து வாசிக்கட்டும். கடைசிப் பத்து நிமிடம் நீங்கள் ஒரு கதையை வாசித்துக் காட்டுங்கள். நடுவே இருக்கும் 45 நிமிடம் ஆளுக்கு 15. ஒருவர் உங்களோடு இருக்கும்போது மற்ற இருவரும் ஒருவருக்கொருவர் வாசித்துக்கொண்டிருக்க வேண்டும்.

எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள், புத்தகம் இருவருக்கும் நேராக இருக்கும். முதலில் இருவரும் ஒரே குரலில், பிள்ளையின் வேகத்துக்குச் சற்றுத் தாழ்ந்து வாசிக்க வேண்டும். 'நானே வாசிக்கிறேன்' என்று தோன்றினால் பிள்ளை மேசையைத் தட்டும், நீங்கள் நிறுத்திவிட வேண்டும். தடுக்கி நின்றால் மனதுக்குள் ஒன்று முதல் நான்கு வரை எண்ணுங்கள். அதற்குள் வரவில்லையா, சொல்லைச் சொல்லிவிடுங்கள். பிள்ளை அதைத் திருப்பிச் சொல்லட்டும், மறுபடி இருவரும் சேர்ந்து தொடருங்கள். நடுவில் 'முதல் எழுத்து என்ன, அடுத்தது என்ன' என்று இறங்கினால் வாக்கியத்தின் தொடக்கம் மறந்துபோகும். அந்தச் சொல்லைப் பிறகு அட்டையில் எழுதி எடுத்துக்கொள்ளலாம். விரல் வரிக்குக் கீழே ஓடட்டும், எழுத்தின் மேல் வைத்தால் பாதி மறையும். முடிந்ததும் மூன்று கேள்வி, அதில் ஒன்றாவது 'ஏன்' என்று இருக்கட்டும்.

புத்தகம் பொருத்தமா என்று பார்க்க முதல் 50 சொல்லில் பிழையை எண்ணுங்கள். ஐந்து வரை சரி. மேலே போனால் எளிதான புத்தகத்துக்கு மாறுங்கள். ஒரே பத்தியை மூன்று நான்கு நாள் திரும்பத் திரும்ப வாசிப்பது வீண் வேலையில்லை, ஓட்டம் அதில்தான் வருகிறது.

புத்தகம் சுமந்து போகாதீர்கள்

பெட்டி நிறையப் பழைய சிறுவர் இதழ்களைக் கொண்டுபோவது நல்ல எண்ணம், அவ்வளவுதான். எழுத்து பொடியாக இருக்கும், ரேஷன் கடையும் ஷேர் ஆட்டோவும் இந்தப் பிள்ளைகள் பார்த்ததில்லை. அதற்குப் பதில் ஒரு கட்டு ஏ4 தாள் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு தாளுக்கு ஒரு புத்தகம்.

தாளைக் கிடைமட்டமாக வைத்து நீளவாக்கில் பாதியாக மடித்துப் பிரியுங்கள். பிறகு இடவலமாகப் பாதி மடித்துப் பிரித்து, இரு ஓரங்களையும் நடுக்கோட்டுக்கு மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டம் விழும். மறுபடி இடவலமாகப் பாதி மடித்து, மடிப்பு இருக்கிற பக்கத்திலிருந்து நீளக்கோட்டின் மேல் ஒரே ஒரு கட்டம் தூரம் வெட்டுங்கள். விரித்தால் நடுவில் இரண்டு கட்ட நீளத்துக்குப் பிளவு இருக்கும். இப்போது நீளவாக்கில் மடித்து இரு முனைகளையும் உள்ளே தள்ளினால் பிளவு விரிந்து கூட்டல் குறி போல நிற்கும். சுற்றி மடக்குங்கள்: அட்டை, ஆறு பக்கம், பின்னட்டை. தையலும் வேண்டாம், பசையும் வேண்டாம். ஓரத்தில் வெட்டுவதுதான் வழக்கமாக நடக்கிற தவறு. அப்படி வெட்டினால் நடுவில் பிளவு விழாது, புத்தகமாக மடிக்க வராது.

பக்கத்துக்கு ஒரு வாக்கியம், ஐந்து சொல்லுக்குள். வாக்கியம் பிள்ளையின் வாயிலிருந்து வரட்டும். 'எங்கப்பா லோரி ஓட்டுவார். லோரியில செம்பனைக் குலை இருக்கும்.' லோரியைச் சரக்குந்து என்று திருத்தாதீர்கள். சிலுவார் (காற்சட்டை), பசார் (சந்தை) எல்லாம் அப்படியே நிற்கட்டும். தன் பேச்சு எழுத்தாகித் தன் கையில் இருப்பதை வாசிக்கிற பிள்ளைக்கு ஒரு சொல்லையும் ஊகிக்க வேண்டியிருக்காது. பள்ளிப் பாடத்தில் ஆத்திசூடியும் திருக்குறளும் இணைமொழியும் இருக்கின்றன, தூய தமிழுக்குக் குறைவில்லை.

பத்துப் பதினொரு வயதில் எழுத்துக்கூட்டும் பையனிடம் இந்தக் குட்டிப் புத்தகத்தை நீட்டினால் தொடமாட்டான், வெட்கம். 'உன் தங்கைக்கு வாசித்துக்காட்ட வேண்டும், முதலில் என்னிடம் ஒருமுறை வாசித்துப் பழகிக்கொள்' என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்னால் எளிய புத்தகத்தை வாசிக்க அவனுக்கு ஒரு கௌரவமான காரணம் கிடைத்துவிடும்.

ஆறு வாரம் ஆகியும் எழுத்து நிற்காத பிள்ளைக்கு நீங்களாக ஒரு பெயர் சூட்டாதீர்கள். குறிப்பேட்டோடு பள்ளியின் குறைநீக்கல் ஆசிரியரிடம் போங்கள். அதற்கு மேல் பரிசோதனை அரசாங்கக் கிளினிக் வழியாக நடக்கட்டும்.

ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனி அறையில் இருக்கக் கூடாது, கதவு திறந்திருக்க வேண்டும், உங்கள் வண்டியில் பிள்ளையைத் தனியாக ஏற்றக் கூடாது, முகம் தெரியும் படத்தை எங்கும் போடக் கூடாது. சிறார் பாலியல் குற்றச் சட்டம் 2017 முதல் இங்கே நடப்பில் இருக்கிறது. நல்ல அமைப்பு உங்கள் பின்னணியைச் சரிபார்க்கக் கேட்கும், முகம் கோணாமல் கொடுங்கள்.

கைமாற்றுவது

இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் இளையோர் எந்தத் தாமானிலும் நாலைந்து பேர் இருப்பார்கள். முதல் வாரமே இருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் அவர்கள் பார்க்கட்டும். இரண்டாம் வாரம் ஒரு பிள்ளையோடு அவர்கள் வாசிக்க, நீங்கள் பாருங்கள். நான்காம் வாரம் வகுப்பு அவர்களுடையது, நீங்கள் மைலோ கலக்குங்கள். பொறுமை போய் நான்கு எண்ணாமல் சொல்லைச் சொல்லிவிடுவதுதான் அவர்கள் செய்யும் ஒரே தவறு. அது நீங்களும் செய்வதுதான்.

பிள்ளைக்கு ஒரு பக்கமாக ஒரு நோட்டு வையுங்கள்: தேதி, புத்தகம், எத்தனை நிமிடம், எத்தனை பிழை. வேறெதுவும் வேண்டாம், கூடுதலாக ஒரு கட்டம் போட்டால் மூன்றாம் வாரமே எழுதுவது நின்றுவிடும். நோட்டும் அட்டைகளும் புத்தகங்களும் மண்டபத்து அலமாரியில் இருக்கும். அதன் சாவி யாரிடம் என்பதைக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே பேசி முடித்துவிடுங்கள். கோயில் செயலாளரிடம் மட்டும் இருந்தால் அவர் வெளியூர் போகிற நாளெல்லாம் வகுப்பு இல்லை. இரண்டு சாவி போட்டு, ஒன்றைத் தினமும் வரும் அக்காவிடம் கொடுங்கள்.